கித்தாரும் ஒலிவாங்கியும்

இல்லத்திலேயே கித்தார் இசையைப் பதிவு செய்ய விழையும் மாணவர் பலர், விலை மிக்க ஒலிவாங்கியே இயல்பான ஒலியைத் தருமென எண்ணுகின்றனர். யாமும் அங்ஙனமே எண்ணி, விடுதிச் செலவிற்கென வந்த பொருளை அதற்கே ஈந்தோம். கேட்டதோ கிணற்றுள் வாசித்தாற்போன்ற முழக்கம்! பிழை கருவியினதன்று, எம்மதே. ஒலித்துளைக்கு நேரே அதனை நிறுத்தியிருந்தோம். அறையின் சுவர்களும் வெறுமையாய் இருந்தன. 12-ஆம் மெட்டிற்கு எதிரே ஓரடித் தொலைவில் மாற்றி வைத்து, சுவரிற் போர்வைகளைத் தொங்கவிட்ட பின்னரே கம்பியின் தெளிவும் மரத்தின் இனிமையும் ஒருங்கே புலனாயின.

கம்பியின் நுண்ணொலியைப் பற்றுதற்குச் சிறு சவ்வுடைய கண்டென்சர் வகை ஏற்றது. அதற்கு 48 வோல்ட் மின்னழுத்தம் வேண்டுமென்பதை மறவற்க. எளிய விலையினதே அமையும். நண்பர்காள்! முதற்கண் அறையைத் திருத்துக. செவியால் இடத்தை ஆராய்க. ஒலிவாங்கியை இறுதியிற் கொள்க.