ரேடியோ நின்றால் கரன்ட் நின்றது! - பார்வையின்றிப் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள்

மாடியில் ஒரு படுக்கையறை. அங்கிருக்கும் பிளக் பாயின்ட்டில் பழைய ரேடியோ ஒன்றைச் செருகி, முழுச் சத்தத்தில் பாடவிடுகிறார் வீட்டுக்காரர். பிறகு படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போகிறார். அங்கே வரிசையாக இருக்கும் சர்க்யூட் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருகிறார். ஒன்றைத் தட்டியதும் மாடியில் பாட்டு நிற்கிறது. அந்த பிரேக்கருக்குப் பக்கத்தில் ஒரு பிரெய்ல் லேபிளை ஒட்டுகிறார். எந்த அறைக்கு எந்த பிரேக்கர் என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சொந்த வீட்டைத் தாங்களே பழுதுபார்க்கும் பார்வை மாற்றுத்திறனாளிகள் கையாளும் எளிய உத்தி இது. பார்வையுள்ளவர்களும் தனியாக வேலை செய்யும்போது இதையேதான் செய்வார்கள். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஒரே நேரத்தில் யாராலும் பார்க்க முடியாது இல்லையா?

‘கண் தெரியாதவர் ரம்பம் பிடிப்பதா, வயரைத் தொடுவதா?’ என்று பதறுவது இயல்புதான். ஆனால், அவர்கள் வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் அந்தப் பதற்றம் கொஞ்சம் அடங்கும். ‘நாம் எவ்வளவு அஜாக்கிரதையாக வேலை செய்கிறோம்!’ என்ற எண்ணமும் வரும்.

அவரவர் வீட்டுக்கு அவரவரே கொத்தனார்

நம்மூரில் சுவரில் ஆணி அடிக்கவே ஆளைத் தேடுவோம். அமெரிக்காவில் ஆளைக் கூப்பிட்டால் கூலி கட்டுப்படியாகாது. அதனால், பெயின்ட் அடிப்பது, கதவு மாற்றுவது, தரை போடுவது போன்ற வேலைகளைப் பலரும் வார இறுதிகளில் தாங்களே செய்துகொள்கிறார்கள். பழைய வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வது அங்கே சகஜம். பார்வையில்லாத வீட்டுக்காரருக்கும் அதே கடன், அதே கூலிக் கணக்குதான்.

இதைத் தொழிலாகவே செய்து காட்டியவர்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் நாபா பகுதியில் ‘என்சான்டட் ஹில்ஸ்’ என்ற முகாம் இருக்கிறது. பார்வையற்றவரான ரோஸ் ரெஸ்னிக் 1950-ல் ஆரம்பித்தது. அங்கே திராட்சை பிழியப் பயன்பட்ட ஒரு பழைய கொட்டகையைக் கைவேலைப் பட்டறையாக மாற்றினார் ஜார்ஜ் வுர்ட்செல். இளம் வயதிலேயே விழித்திரை நோயால் பார்வையை இழந்தவர். தச்சு வேலைதான் அவர் தொழில். அந்தப் பட்டறையில் பார்வையற்ற மற்றவர்களுக்கும் மரவேலை சொல்லிக்கொடுத்தார்.

விரலுக்குக் கேட்கும் அளவு

தச்சு வேலையில் முதல் சிக்கல், அளவு. டேப்பில் இருக்கும் கோடுகளைப் படிக்க முடியாதபோது என்ன செய்வது?

இதற்கென்றே ‘கிளிக் ரூல்’ என்ற கருவி இருக்கிறது. குழாய்க்குள் ஓர் உலோகத் தண்டு. அதில் அங்குலத்துக்கு 16 மரைகள். தண்டை வெளியே இழுத்தால் ஒவ்வொரு மரைக்கும் ‘கிளிக்’ என்று ஒரு தட்டல். ஒரு கிளிக் என்றால் ஓர் அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு. காதும் விரலும் சேர்ந்து எண்ணிக்கொள்ளும். அளவைச் சொல்லிக்காட்டும் பேசும் டேப்புகளும் கடைகளில் கிடைக்கின்றன.

ஆனால், பழைய வீட்டில் எண்களை நம்பினால் ஏமாந்துபோவோம். நூறு வருட வீட்டில் எந்த மூலையும் சரியான மூலைமட்டத்தில் இருக்காது. ஜன்னலின் மேல் அகலம் ஒன்று, கீழ் அகலம் ஒன்றாக இருக்கும். அதனால் இரண்டு குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் சட்டத்தின் இரண்டு பக்கமும் இடிக்கும்வரை நகர்த்தி, அப்படியே இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அந்தக் குச்சியைக் கொண்டுபோய்ப் பலகைமேல் வைத்தால் அளவு அப்படியே வந்துவிடும். எண்ணே தேவையில்லை. படித்ததில் தப்பு, குறித்ததில் தப்பு என்ற பேச்சுக்கும் இடமில்லை. கைதேர்ந்த தச்சர்கள் பல தலைமுறைகளாகச் செய்துவரும் முறைதான் இது.

பென்சிலுக்குப் பதிலாகக் கூரான கத்தியால் கோடு கீறுவார்கள். கீறலில் நகம் நிற்கும், உளியும் சரியாக உட்காரும். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு. தொங்கும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை விரலால் பார்த்தால் போதும்.

மின்ரம்பம் என்றால்? அங்கேதான் கட்டுப்பாடு கடுமையாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் பிளேடின் உயரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். மரத்தை வழிநடத்தும் கட்டையை இறுக்கி, துண்டு எங்கே வந்து நிற்க வேண்டுமோ அங்கே இன்னொரு கட்டையைப் பொருத்தி, கை எந்த வழியாகப் போகும் என்று ஒத்திகை பார்த்த பிறகே ஸ்விட்ச். மரத்தைத் தள்ளுவது விரலல்ல, அதற்கென்று இருக்கும் தள்ளுகோல். சத்தம் முழுவதும் அடங்கும்வரை கை பிளேடு பக்கம் போகாது. ரம்பம் சுற்ற ஆரம்பிக்கும்போது, யோசிக்க வேண்டியதை எல்லாம் யோசித்து முடித்திருப்பார்கள்.

சுவருக்குள் எல்லோரும் குருடர்தான்

அமெரிக்காவின் பழைய வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்ட வீடுகள். சட்டங்களுக்குக் குறுக்கே மெல்லிய பட்டைகளை வரிசையாக அடித்து, அதன்மேல் காரை பூசியிருப்பார்கள். கனமான அலமாரியை மாட்ட வேண்டுமென்றால், காரைக்குப் பின்னால் சட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பார்த்தால் தெரியாது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் வெற்றிடத்தில் ஒரு சத்தம், சட்டத்தின் மேல் வேறொரு சத்தம். சின்னக் காந்தத்தைச் சுவரில் நகர்த்தினால், பட்டைகளை அடித்த ஆணிகள் இருக்கும் இடத்தில் அது பிடித்து இழுக்கும். பொதுவாக ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் 16 அங்குலம். பழைய வீட்டில் அந்தக் கணக்கும் தப்பலாம் என்பதால், ஒவ்வொன்றையும் தட்டித்தான் உறுதிப்படுத்துவார்கள்.

இன்னொரு வேடிக்கை. கடையில் ‘இரண்டுக்கு நாலு’ என்று விற்கும் சட்டம் இன்று உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். மிகப் பழைய வீடுகளில் நிஜமாகவே இரண்டுக்கு நாலு இருக்கும். புதுச் சட்டத்தைப் பழையதோடு சேர்த்தால் அரை அங்குலம் உள்வாங்கும். விரலால் தடவுகிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

மின்வயர்களில் நிறம்தானே அடையாளம்? அமெரிக்காவில் கறுப்பு வயரில் மின்சாரம் வரும், வெள்ளை நியூட்ரல். நிறம் தெரியாதவர் என்ன செய்வார்? அங்குள்ள பிளக் பாயின்ட்டில் இரண்டு நேர்த்துளைகள் இருக்கும். அவற்றில் நியூட்ரல் துளை சற்று நீளம். அந்தப் பக்கத்து ஸ்க்ரூவில்தான் நியூட்ரல் வயர் போக வேண்டும். விரலால் தடவினாலே தெரியும். எந்த வயர் எந்த ஸ்க்ரூவில் இருந்தது என்று கழற்றும்போதே ஒவ்வொன்றாகக் குறிவைத்துக்கொள்வார்கள். வயர் அருகே கொண்டுபோனால் ‘பீப்’ அடிக்கும் டெஸ்டர்களும் உண்டு. மின்சாரம் இருக்கும் இடத்தில் டெஸ்டரை முதலில் சோதித்து, பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வைத்து, கடைசியில் மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். டெஸ்டரே கெட்டுப்போயிருக்கலாம் அல்லவா? ரேடியோ நின்றது என்பதற்காக அந்த அறையிலுள்ள எல்லா பாயின்ட்டும் நின்றுவிட்டதாக நினைக்க மாட்டார்கள். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிப்பார்கள்.

பழைய வீட்டில் முன்பு யாரோ அவசரத்தில் வயர்களை மாற்றி இணைத்திருக்கலாம். நிறத்தைப் பார்த்த நொடியிலேயே நம்பிக் கை வைக்கிறவருக்கு அங்கே ஆபத்து அதிகம். பார்க்க முடியாதவர் நிறத்தை நம்புவதில்லை. அதனால் சோதிக்காமல் தொடுவதும் இல்லை.

கண்ணுக்கும் தெரியாத எமன்கள்

பழைய வீட்டில் உண்மையான பயம் ரம்பமல்ல, தூசிதான். அமெரிக்காவில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பது 1978-ல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய வீட்டில் பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பழைய தரை ஓடுகளிலும், குழாய்களைச் சுற்றியுள்ள உறைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் நிச்சயமாகத் தெரியும். கண் நன்றாக இருப்பவரும் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால், எதையும் உடைக்கும் முன் பரிசோதனை. ஈயம் இருந்தால் உலர்ந்த சுவரைத் தேய்க்கக் கூடாது. இந்த விதி எல்லோருக்கும் ஒன்றுதான். வீட்டில் செய்துபார்க்கும் ஈயச் சோதனைகள் நிறம் மாறி முடிவு சொல்பவை. அதைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும், அல்லது ஆய்வகம் வேண்டும். எரிவாயுக் குழாய், வீட்டின் பிரதான மின்பெட்டி போன்ற வேலைகளுக்கு உரிமம் பெற்றவரைக் கூப்பிடுவார்கள். அதற்குக் காரணம் கண் அல்ல. அந்த வேலையில் ஒரு தப்பு நடந்தால், அந்த வீட்டோடு நிற்காது.

பட்டி, பெயின்ட், ஒரு போன்கால்

பட்டி பார்ப்பதில் விரல்தான் ராஜா. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் சுவரில்கூட மேடு பள்ளத்தை உள்ளங்கை காட்டிக்கொடுத்துவிடும். பெயின்ட்தான் கொஞ்சம் சிரமம். ஓரங்களில் டேப் ஒட்டி, சுவரைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டம் முடித்துத்தான் அடுத்தது. ரோலரில் பெயின்ட் தீரத் தீரச் சத்தம் மாறும். அதைக் கேட்டு மறுபடியும் தோய்ப்பார்கள். இருந்தாலும், எங்காவது விட்டுப்போயிருக்கிறதா, டின்னில் இருப்பது வாங்கிய நிறம்தானா என்பதற்குக் கண் தேவை.

அதற்கும் வழி வந்துவிட்டது. ‘பி மை ஐஸ்’ என்ற செயலியில் அழைத்தால், உலகின் எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் போன் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்வார். இலவசம். 2015-ல் டென்மார்க்கில் இதைத் தொடங்கிய ஹான்ஸ் யோர்கன் விபெர்க், பார்வைக் குறைபாடு உள்ளவர். தொழில்? நாற்காலி, மேஜை போன்ற மரச்சாமான் வேலை!

வரைபடம் படிப்பதற்கும் வழி உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் கிறிஸ் டவுனி, 2008-ல் மூளைக்கட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வையை முழுவதும் இழந்தார். ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். கோடுகள் மேடாக வரும்படி வரைபடங்களை அச்சிட்டு விரலால் படிக்கிறார். மாற்றங்களை மெழுகு பூசிய குச்சிகளை வளைத்து ஒட்டிக் காட்டுகிறார்.

யாரிடம் பேசுகிறீர்கள்?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ரஸ்டன் என்ற ஊரில் 1985-ல் தொடங்கப்பட்ட பார்வையற்றோர் மையத்தில் சமையல், பிரெய்ல், வெள்ளைக்கோல் நடையோடு மரவேலையும் பாடம். கொஞ்சம் பார்வை மிச்சமிருப்பவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் கற்க வேண்டும். எல்லோரையும் தச்சராக்குவது நோக்கமல்ல. ரம்பத்தைப் பயமில்லாமல், முறையாகக் கையாண்டவருக்குப் பரபரப்பான சாலையைக் கடப்பதும் வேலைக்கான நேர்காணலுக்குப் போவதும் அத்தனை பெரிதாகத் தெரியாது.

ஆனால், கற்றுக்கொண்டு வந்தவர்கள் சந்திக்கும் பெரிய தடை, பெரும்பாலும் மனிதர்கள்தான். வேலைக்கு வந்தவர், வீட்டுக்குப் பணம் கொடுப்பவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் மனைவியிடமோ, கணவரிடமோ விலை பேசுவார். ‘பாவம்’ என்று நினைத்து உறவினர் சுத்தியலைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். உதவுகிறேன் என்று மேஜையை ஒழுங்குபடுத்தி, திருப்புளியை வேறிடத்தில் வைத்துவிடுவார். கண்ணுள்ளவருக்கு அது பத்து விநாடித் தேடல். மற்றவருக்கு அன்றைய வேலையே கெட்டுவிடும்.

உங்கள் வீட்டிலோ, தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால் மூன்று விஷயங்கள் போதும். எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வையுங்கள். ‘அங்கே’, ‘இங்கே’ என்று சொல்லாமல், ‘உங்கள் வலது கைக்கு ஒரு சாண் தள்ளி’ என்று சொல்லுங்கள். உதவட்டுமா என்று அவரிடமே கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால், விட்டுவிடுங்கள்.

அவர் மாட்டிய அலமாரி கொஞ்சம் கோணலாக இருக்கலாம்தான். நூறு வருடப் பழைய சுவர், யார் மாட்டினாலும் அப்படித்தான் காட்டும்.