பிழைக்கு மட்டும்தான் கணக்கா?



கிரிக்கெட் நமக்குத் தெரிந்த ஆட்டம். அமெரிக்கர்களின் பேஸ்பால் நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆனால் ஒன்பது பேரை நிறுத்தி ஒரு மைதானத்தைக் காக்கும் அந்த முறையில், ஆள் வைத்துத் தொழில் நடத்தும் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.

பக்கத்துக்கு 90 அடி கொண்ட சதுரம். அதன் நான்கு மூலைகளே பேஸ்கள். அடித்தவர் மூன்று மூலைகளையும் தொட்டுப் புறப்பட்ட மூலைக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். தடுக்கும் அணியில் பந்து எறியும் பிட்சர் நடுவில் நிற்கிறார். அடிப்பவருக்குப் பின்னால் கேட்சர். மைதானம் முழுவதையும் எதிரே வைத்துப் பார்ப்பவர் இவர் ஒருவரே. நம் கடையில் கல்லாவில் அமர்ந்திருப்பவரைப் போல! முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு ஒவ்வொருவர். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே ஷார்ட்ஸ்டாப். வெளிக்களத்தில் இடது, நடு, வலது என மூவர்.

அவரவர் இடத்தைக் காப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தரையில் உருண்டு வரும் பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிகிறார். அந்தப் பந்தோடு சம்பந்தமே இல்லாத வலது வெளிக்கள வீரர், முதல் பேஸின் பின்புறத்தை நோக்கி ஓடி வருகிறார். எறி தவறினால் பிடிப்பதற்காக! பெரும்பாலும் எறி தவறுவதில்லை. அவர் ஓடியது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆட்டக் குறிப்பேட்டில் பிழைக்குத் தனிக் கணக்கு உண்டு. இந்த ஓட்டத்துக்கு இல்லை.

அதன் அருமை எப்போதாவதுதான் வெளிப்படுகிறது. 2001 அக்டோபர் 13 அன்று ஓக்லாந்தில் நியூயார்க் யாங்கீஸ் அணி 1-0 என முன்னணியில் இருந்தது. வலது வெளிக்களத்திலிருந்து வந்த எறி, இடையில் நின்ற இருவருக்கும் எட்டாமல் பறந்தது. ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டர் மைதானத்தின் குறுக்கே ஓடி, முதல் பேஸ் கோட்டருகே பந்தைப் பிடித்துக் கேட்சரிடம் தட்டிவிட்டார். ஓடி வந்தவர் ஆட்டமிழந்தார். யாங்கீஸ் அதே 1-0 கணக்கில் வென்றது. இரண்டு ஆட்டங்களை இழந்திருந்த அணி, தொடரையும் 3-2 எனக் கைப்பற்றியது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 1986 உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், பாஸ்டன் அணியின் முதல் பேஸ் வீரர் பில் பக்னரின் கால்களுக்கிடையே பந்து நழுவியது. நியூயார்க் மெட்ஸ் வென்றது. ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா? ஆனால் பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. பந்து நழுவுவதற்கு முன்பே, கையிலிருந்த இரண்டு ஓட்ட முன்னிலையை அணி இழந்திருந்தது. ஏழாம் ஆட்டமும் மிச்சமிருந்தது. அதிலும் அணி தோற்றது. கணுக்கால் வலியால் அவதிப்பட்ட பக்னருக்குப் பதிலாக, அதே தொடரில் வென்ற ஆட்டங்களின் இறுதியில் வேறொருவரை இறக்கிய நிர்வாகி, அன்று இறக்கவில்லை. குறிப்பேட்டில் பிழை பக்னர் பெயரில். நிறுத்தியவர் பெயரில் ஒன்றுமில்லை!

நம் கடைகளில் நடப்பதும் இதுதானே? சரக்கு குறைந்தால் சிப்பந்தியின் சம்பளத்தில் பிடிக்கிறோம். லோடு இறங்கும்போது தன் வேலையை விட்டு ஓடிவந்து மூட்டைகளை மறுபடி எண்ணுகிறவர், பில் போடும் தம்பியின் தோளுக்குப் பின்னால் நின்று தொகையைச் சரிபார்க்கிறவர், இவர்களால் தப்பிய நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்?

சம்பளத்தில் கை வைக்கும் முன் இரண்டு கேள்விகளை நம்மை நாமே கேட்போம். அந்த வேலைக்கு ஏற்ற ஆளையா அங்கே நிறுத்தினோம்? அவர் தவறினால் தாங்கிப் பிடிக்கப் பின்னால் யாரையாவது வைத்தோமா? இரண்டுக்கும் 'இல்லை' என்பது பதிலானால், பிடிக்க வேண்டியது சிப்பந்தியின் கணக்கில் அல்ல, முதலாளியின் கணக்கில்!

பாஸ்டன் ரசிகர்கள் பக்னரை அழைத்து எழுந்து நின்று கைதட்டியது 2008இல். நம் கடையில் உழைப்பவர்களை இருபத்திரண்டு ஆண்டுகள் காக்க வைக்க வேண்டாமே!