போகிறவர்களுக்கும் ஊர் உண்டு

மாற்றல் உத்தரவு கைக்கு வந்து சேர்ந்த பிறகு ஓர் ஊரின்மேல் உண்டாகும் அபிமானத்தை உலகம் பெரிதாக மதிப்பதில்லை. இருந்த காலமெல்லாம் விடாத சாரலையும், ஓட்டைப் பிரிக்கும் குரங்குகளையும், அவசரத்துக்கு ஒரு கடைத்தெரு இல்லாத குறையையும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கியதும் மலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைக் கண்டால், சொந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உள்ளூரச் சிரிப்பு வருவதும் இயல்பே. ஆயினும், கூடலூரைத் தாண்டிக் குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கும் லோயர் கேம்ப் என்ற இச்சிற்றூரில், கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு மின்வாரியக் குடியிருப்பில் குடும்பம் நடத்தி, பிள்ளைகளை வளர்த்து, இப்போது மதுரைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பவள் என்ற முறையில், அந்த அபிமானத்துக்காகச் சில வார்த்தை பேச விரும்புகிறேன். அது தாமதமாக வருவதாயினும் பொய்யானதன்று; அன்றியும், அதைக் கொண்டு செய்யத்தக்க காரியம் ஒன்றும் இருக்கிறது.

இது லோயர் கேம்புக்கு மட்டும் உரிய அனுபவமன்று. நெய்வேலி நகரியத்திலும், கல்பாக்கத்தின் கடலோரக் குடியிருப்பிலும், மேட்டூரிலும், குந்தாவின் மலைமுகாம்களிலும் பணிக்காலம் முடிந்தவுடன் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இராப்பகலாகக் காதில் விழுந்துகொண்டே இருந்ததனால் கவனிக்காமல் விட்ட கடலை, புறப்படும் மாதத்தில் தினந்தோறும் மாலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களைக் கல்பாக்கத்துச் சிநேகிதி ஒருத்தி எனக்கு வர்ணித்ததுண்டு. இதற்குக் காரணம் மனிதரின் நன்றிகெட்ட சுபாவம் என்று சொல்லிவிடலாகாது. குவார்ட்டர்ஸ் வீடு பதவிக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. அதில் வாழ்கிறவர் சுவரில் ஆணி அடிப்பதற்கும் யோசிக்கிறார். அப்படி இருந்தும், எங்களுக்கு முன் இருந்தவர்கள் யாரோ வைத்துவிட்டுப் போன முருங்கையும் கறிவேப்பிலையும் கொல்லைப்புறத்தில் நின்றன. அவற்றில் கைவைத்துத்தான் இந்த வீட்டில் என் முதல் நாள் சமையல் தொடங்கிற்று. தாம் உண்ணப்போவதில்லை என்று தெரிந்தும் ஒருவர் மரம் வைக்கிறார் என்றால், அவர் இவ்வூரில் வெறுமனே தங்கியிருந்தார் என்று எப்படிச் சொல்வது? நிலமும் வீடும் வாரிசுரிமையும் இல்லாத இடத்தின்மேல் வைக்கும் பிரியத்தில் சுயநலத்துக்கு இடமே இல்லை. என்னளவில், அதுவே அதன் பெருமை.

லோயர் கேம்பில் வசிக்கிறவர்களுக்கு விசேஷமான பாக்கியம் ஒன்று வாய்த்திருக்கிறது. அரபிக்கடலை நோக்கிப் போயிருக்க வேண்டிய ஒரு நதி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிச் சமவெளிக்கு இறங்கும் இடத்தை அவர்கள் தம் வாசலிலிருந்தே காண்கிறார்கள். தேக்கடி தலைமதகில் திறக்கப்படும் தண்ணீர் சுரங்கத்தைக் கடந்து, போர்பை அணையில் சேர்ந்து, அங்கிருந்து நான்கு ராட்சதக் குழாய்களில் செங்குத்தாக இறங்கி, அடிவாரத்தில் உள்ள பெரியாறு நீர்மின் நிலையத்தின் இயந்திரங்களைச் சுழற்றிவிட்டு, வைரவனாற்றில் விழுந்து, முல்லைப் பெரியாறு என்ற பெயரோடு கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வழியாக வைகையைத் தேடிப் போகிறது. 1958 தொடங்கி 1965 வரை ஒன்றன்பின் ஒன்றாக நிறுவப்பட்ட, ஒவ்வொன்றும் 35 மெகாவாட் திறன் கொண்டிருந்த அந்த நான்கு இயந்திரங்கள் பிற்பாடு திறன் கூட்டப்பட்டு இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

குமுளிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து அக்குழாய்களைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. ஆனால் அவற்றின் அடியில் வாழ்கிறவர்களுக்கு, இந்த ஆற்றின் குணமே மின்உற்பத்தியோடு பிணைந்தது என்பது நாளடைவில் பிரத்தியட்சமாகிறது. இயந்திரங்கள் முழுமூச்சாக ஓடும் நாளில் ஆறு இரு கரையையும் தொட்டுக்கொண்டு விரைகிறது. தேக்கடியில் திறப்பைக் குறைத்துவிட்டாலோ, துணி துவைக்கப் போன பெண்களின் கண்ணெதிரிலேயே கரைக் கற்கள் ஈரம் சொட்ட ஒவ்வொன்றாக வெளியே தலைகாட்டுகின்றன. குடிநீருக்கென்று விநாடிக்கு 100 கனஅடி மட்டும் விடும் காலங்களில் அந்தத் தண்ணீர் இயந்திரத்தைச் சுழற்றப் போதாமையால், மலைப்பாதையில் உள்ள இரைச்சல் பாலம் வழியாக வேறு வழியில் இறங்குகிறது. ஆறு எந்த வழியாக வருகிறது என்பதைக் கொண்டே பெரியாறு அணையில் எவ்வளவு இருக்கிறது, கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்குத் தண்ணீர் கிடைக்குமா கிடைக்காதா என்று அனுமானிக்கக் கற்றுக்கொண்ட இல்லத்தரசிகள் எங்கள் குடியிருப்பில் உண்டு. ஜூன் முதல் தேதியன்று தேக்கடியில் மதகைத் திறந்து மலர் தூவுகிறார்கள் என்ற செய்தி மற்ற ஊர்களில் பத்திரிகையில் வருவது. இங்கே அது ஆற்றின் ஓசையாகவே வந்து சேர்கிறது.

விடியற்காலையில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து அமர்ந்த பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்புகள்; கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிறவர்களின் சரணகோஷம்; சித்திரை முழுநிலவன்று பளியங்குடி வழியாக மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் கால்நடையாக ஏறும் கூட்டம்: இவற்றை விஸ்தரிக்கப் புகுந்தால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது.

வாரந்தோறும் கூடலூர்ப் பக்கத்திலிருந்து அவரையும் கத்தரியும் கொண்டுவரும் அம்மாளிடம் நாங்கள் கிளம்பப்போகும் செய்தியைச் சொன்னபோது, அவர் தராசை இறக்கி வைத்துவிட்டு, “மருதைக்கா போறீக, தாயி? அங்கயும் நம்ம தண்ணிதேன்” என்றார். ஆறுதலாகச் சொன்ன அந்த வார்த்தையில் பெரியதோர் உண்மை அடங்கியிருந்தது. வைரவனாற்றில் விழுகிற நீர்தான் வைகை அணையில் தேங்கி, மதுரையின் குடிநீராகவும், பேரணையிலிருந்து மேலூர் வரை பாயும் கால்வாயின் பாசனமாகவும் ஆகிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் ஜீவனம் அதை நம்பி இருக்கிறது. மேலே இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவர்களைத் தெரியும். கீழே இருப்பவர்களுக்கு மேலே இருப்பவர்களைத் தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

இந்த மலைச்சரிவின் சரித்திரத்தைப் புரட்டினால் அது பெரும்பாலும் வந்து போனவர்களின் சரித்திரமாகவே இருக்கக் காண்கிறோம். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, மறு ஆண்டில் பெரியாறு அணையின் வேலை தொடங்கி, 1895 அக்டோபர் 10 அன்று சென்னை கவர்னர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்துவிட்டார். அணையைக் கட்டி முடித்த கர்னல் ஜான் பென்னிகுவிக் பூனாவில் பிறந்தவர். வேலை முடிந்ததும் போய்விட்டவர். 1911இல் இங்கிலாந்தில் காலமானவர். ஆயினும், தைப் பொங்கலோடு சேர்ந்து வரும் அவருடைய பிறந்த நாளில் பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். எங்கள் ஊரிலேயே 2013 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்ட மணிமண்டபத்தில் அவர் வெண்கலச் சிலையாக நிற்கிறார். வந்து போனவர் என்பதற்காக அவரை அந்நியர் என்று சொல்ல இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் நா எழாது.

அவரோடு வந்த மற்றவர்களை நினைக்கும்போதுதான் மனம் வருந்துகிறது. சுண்ணாம்பு சுமந்தும், கல் உடைத்தும், அடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் மலையேறிய சரக்கை இறக்கியும் வேலை செய்த தொழிலாளர்களில் எத்தனையோ பேர் மலேரியாக் காய்ச்சலுக்கு இரையாகி அந்தக் காட்டிலேயே அடக்கமாயினர். அவர்கள் பட்ட பாடு முழுவதும் மறைந்துபோகாமல் நமக்குச் சிறிதளவேனும் தெரியவந்ததற்குக் காரணம், அதே வேலையில் எஞ்ஜினீயராக இருந்த ஏ. டி. மெக்கன்ஸி என்பவர் பெரியாறுத் திட்டத்தின் வரலாற்றை எழுதி 1899இல் வெளியிட்டதுதான். அவரும் வந்து போனவரே. ஒரு மாற்றல் உத்தரவோடு அவருடைய ஞாபகங்களும் கப்பலேறிப் போயிருந்தால், காய்ச்சலையும் வெள்ளத்தையும் காட்டு மிருகங்களையும் எதிர்த்து அந்தச் சுவர் எழுந்த விதம் இன்று வெறும் கட்டுக்கதையாக மிஞ்சியிருக்கும். போகிறவர்கள் எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பிரமாணம் எனக்கு வேண்டுவதில்லை.

1958 முதல் இந்த மின்நிலையத்தில் வேலை பார்த்துச் சென்ற குடும்பங்கள் தமிழகமெங்கும் பரவியிருக்கின்றன. இயந்திரத்தின் சத்தம் சற்று மாறினாலே கோளாறு எதுவென்று சொல்லக்கூடியவர்கள், 1979இல் அணையின் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கியபோது ஆறு மெலிந்ததைக் கண்ணால் கண்டவர்கள், 2011 டிசம்பரில் நீர்மட்டப் பிரச்சினை கொதித்தெழுந்து பல்லாயிரம் பேர் குமுளியை நோக்கித் திரண்ட நாட்களில் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்கள், 2014இல் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தெருவில் மிட்டாய் கொடுத்தவர்கள் என்று எத்தனையோ பேர் ஓய்வு பெற்று எங்கெங்கோ அடுக்ககங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஞாபகங்களைக் கேட்டு எழுதி, புகைப்படங்களைத் திரட்டி, மணிமண்டபத்தின் ஒரு பகுதியிலேயே வைத்தால் என்ன? கர்னலின் சிலைக்கு அருகே ஆபரேட்டரின் நாட்குறிப்பும், சுண்ணாம்பு சுமந்தவர்களைப் பற்றிய ஒரு பலகையும் இருப்பது அவருக்குக் குறைவாகிவிடாது.

மதுரையிலும் வேலை இருக்கிறது. லோயர் கேம்பிலிருந்து குழாய் மூலம் மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வகுக்கப்பட்டபோது, ஆற்றில் கோடைக்காலத்து ஓட்டம் அற்றுப்போகும் என்று கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். இருபோகமாக 14,707 ஏக்கரில் நெல் விளைவிக்கிறவர்களின் அச்சம் அது. இந்த ஆற்றங்கரையில் ஒரு கோடையைக் கழித்தவர் எவரும் அதை அலட்சியம் செய்யமாட்டார். வளர்ந்துகொண்டே போகும் மாநகரத்தின் தாகமும் நியாயமானதே. அதை மறுப்பவள் அல்லள் நான், இனி அந்தக் குழாயடியில்தான் என் குடமும் நிற்கப்போகிறது. ஆனால் இந்த இரண்டு நியாயங்களும் ஒன்றையொன்று அறியாமல் மோதிக்கொள்ளும்படி விடுவது தகாது. மதுரையில் குழாயைத் திருகுகிறவர்களுக்குக் கூடலூர் வயலில் மடை திருப்புகிறவரின் கவலையை எடுத்துச்சொல்ல, இரண்டு இடங்களிலும் வாழ்ந்தவர்களைக் காட்டிலும் தகுதியுள்ளவர்கள் யார்? அரசியல்வாதிகள் சொன்னால் அதில் கட்சி இருக்கும். அதிகாரிகள் சொன்னால் புள்ளிவிவரம் இருக்கும். கரைக் கற்கள் வெளியே தெரிந்த நாளை நேரில் கண்டவர் சொன்னால் கேட்பவருக்கு நம்பிக்கை பிறக்கும்.

ஆகவே, மதுரையில் உள்ள பள்ளிக்கூடங்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தங்கள் மாணவர்களை லோயர் கேம்புக்கு அழைத்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சுற்றுலா என்றால் கொடைக்கானல் என்று வைத்திருக்கிறார்கள்; அதை நான் தடுக்கவில்லை. ஆனால் தாம் குடிக்கும் நீர் மலையிலிருந்து இறங்கும் குழாய்களை ஒரு தரம் அண்ணாந்து பார்த்து, வைரவனாற்றில் கால் நனைத்து, கூடலூர் விவசாயி ஒருவர் சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திரும்பும் பிள்ளை, வளர்ந்த பிறகு தண்ணீரைப் பற்றி வாய் திறக்கும்போது வேறு விதமாகப் பேசும். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. ஒரு பஸ்ஸும், ஒரு சனிக்கிழமையும், வழி தெரிந்த ஒருவரும் போதும். வழி தெரிந்தவர்கள் மதுரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்; இந்த மாதம் முதல் நானும் ஒருத்தி.