டீசல் வாடை கால்வாயில் இருக்கும்போதே

2020 செப்டம்பர் 3. கோவிட் காலம். அடிக்கடி கை கழுவுங்கள் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்கள் வறண்டன. 1,292 பகுதிகள், ஏறத்தாழ 12 லட்சம் பயனீட்டாளர் கணக்குகள். காரணத்தைத் தேடிப்போன அதிகாரிகள் ரவாங்கில் சுங்கை கோங் என்ற சிற்றாற்றின் ஓரத்தில் நின்றார்கள். அங்கே ஒரு தொழிற்சாலை வளாகத்திலிருந்து வெளியான கழிவு, சுங்கை செம்பா வழியாகச் சிலாங்கூர் ஆற்றில் இறங்கி, நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்திவிட்டது. 2019 ஜூலையில் இதே நான்கு நிலையங்களை நிறுத்தியது ஆற்றில் கலந்த டீசல்.

ஒரு சிற்றாறு இவ்வளவு பேரின் தண்ணீரை நிறுத்துமா என்றால், நிறுத்தும். டீசல் தண்ணீரைவிட இலேசானது, மேலே மிதக்கும். கால்வாய்க்குள் இருக்கும்வரை மிதவைத் தடுப்பு கட்டி மறித்து, உறிஞ்சும் விரிப்புகளால் எடுத்துவிடலாம். ஆற்றில் விழுந்து கலங்கிய பிறகு அந்த வாய்ப்பு போய்விடும். கரித்தூள் போடுவார்கள், கூடுதல் நீரைத் திறந்துவிட்டு வாடையைக் குறைக்கப் பார்ப்பார்கள். அதற்கும் போகாவிட்டால் நிலையத்தை மூடத்தான் வேண்டும்.

ஆகவே முதல் சில மணி நேரம்தான் முக்கியம். அந்த நேரத்தில் அங்கே இருப்பது அதிகாரி அல்ல; தாமான் ஓரத்தில், தோட்டத்து வீடுகளுக்குப் பின்னால் வாழும் நாம்தான். வாடை வந்தால் "பட்டறைக்காரன் வேலை, எப்போதும் இப்படித்தான்" என்று கதவைச் சாத்திக்கொள்வது நம்மிடம் இருக்கும் பழக்கம். சிலர் நல்ல எண்ணத்தில் சோப்புத் தூள் போட்டு அலசிவிடுகிறார்கள். அதுதான் பெரிய கெடுதல்: மிதந்த எண்ணெய் உடைந்து நீரோடு கலந்துவிடும், பிறகு எந்தத் தடுப்பிலும் சிக்காது. அருகில் நெருப்பு வேண்டாம், பிள்ளைகளை இறங்க விடவேண்டாம். நேரத்தைக் குறித்து, படம் எடுத்து, சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 எண்ணுக்குச் சொல்லுங்கள். தீப்பற்றும் ஆபத்து இருந்தால் 999.

சட்டம் கடுமையாகிவிட்டதே என்று கேட்கலாம். 2024 திருத்தத்திற்குப் பிறகு அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை போகலாம். நல்லதுதான். ஆனால் சுங்கை கோங் வளாகத்திற்கு 2020 மார்ச்சில் 60,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டிருந்ததாக மாநில அரசு அப்போதே சொன்னது. அபராதம் கட்டிய இடத்தைத் திரும்பப் போய்ப் பார்க்க ஆள் இல்லையென்றால் தொகை எவ்வளவாக இருந்து என்ன?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லாரி வைத்திருப்போர், மோட்டார் பட்டறை நடத்துவோர் நம்மிலும் நிறையப் பேர். கழித்த இன்ஜின் எண்ணெய் சட்டப்படி அட்டவணைக் கழிவு; கால்வாயில் ஊற்றுவது குற்றம். பீப்பாயில் அடைத்து, பெயரும் தேதியும் ஒட்டி, 180 நாள்களுக்குள் உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.