கண்ணாடி கைப்பையில்தான் இருந்தது!

"இந்த வயசுல எனக்கு எதுக்குங்க படிப்பு? பிள்ளைங்க படிச்சா போதாதா?"

நாற்பதைத் தாண்டிய பல இல்லத்தரசிகள் சிரித்துக்கொண்டே சொல்லும் வார்த்தை இது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வலி இருக்கும். பத்தாவதில் கணக்கில் ஃபெயில் ஆகியிருப்பார். 'சரி, கல்யாணத்தைப் பண்ணிடலாம்' என்று வீட்டில் முடித்திருப்பார்கள்.

எனக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர். வயது 46. மகன் இன்ஜினீயர். கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். "கண்ணாடியை வீட்லயே விட்டுட்டு வந்துட்டேம்மா" என்றார் இவர். கண்ணாடி கைப்பையில்தான் இருந்தது!

இது வெறும் வெட்க சமாச்சாரம் இல்லை. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பு, எது பின்பு என்று தெரிந்துகொள்ளக்கூட அடுத்தவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே, பாதியில் விட்ட படிப்பை நான் ஆரோக்கியப் பிரச்னை என்றே சொல்வேன்.

வயசானால் மண்டையில் ஏறாது என்பது உண்மையா? லண்டனில் டாக்ஸி ஓட்ட லைசென்ஸ் வாங்க, சுமார் 25,000 தெருக்களை மனதில் பதிய வைக்க வேண்டும். அப்படிப் படித்தவர்களின் மூளையைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்த ஆய்வு 2011-ல் வெளியானது. தேர்வில் ஜெயித்தவர்களுக்கு, நினைவாற்றலுக்கு உதவும் 'ஹிப்போகாம்பஸ்' என்ற இடத்தின் பின்பகுதி பெரிதாகியிருந்தது. பள்ளிப் பருவத்தோடு மூளையின் கதவு மூடிவிடுவதில்லை. கேரளாவின் கார்த்தியாயினி அம்மா 2018-ல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 மார்க் வாங்கினாரே!

படித்தது நிற்கவில்லையா? உடனே 'நான் மக்கு' என்று முடிவு கட்டாதீர்கள். வெள்ளெழுத்து, ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, தூக்கக்கேடு எல்லாமே கவனத்தைச் சிதறடிக்கும். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

வழியும் இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் சேர வயது உச்சவரம்பு கிடையாது. ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொரு பாடமாக எழுதித் தேறலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பத்தும் பிளஸ் டூவும் படிக்காமல் நேராகப் பட்டம் வாங்கினால், அது அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-ல் தமிழக அரசு ஆணை போட்டது. வேலையை மனதில் வைத்துப் படிப்பவர்கள் படிப்படியாகவே ஏறுங்கள்.

உண்மையில் பெரிய தடை மூளையும் இல்லை, வயசும் இல்லை. வீடுதான்! "அம்மா கலெக்டர் ஆகப் போறாங்க" என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். புத்தகத்தைத் திறந்த நேரம் பார்த்து, "ஒரு காபி கொடேன்" என்பார் கணவர். இருபது வருடம் உங்களுக்காக விடியற்காலையில் எழுந்தவருக்கு, தினம் ஒரு மணி நேரம் தரக்கூடாதா? டிவியை நிறுத்துங்கள். காபியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்மணி இப்போது தமிழில் தேறிவிட்டார். கணக்கு இன்னும் பாக்கி. "அதையும் ஒரு கை பார்த்துடறேன்" என்கிறார். கண்ணாடி கைப்பையில் இல்லை, மூக்கின் மேல் இருக்கிறது!