பூச்சியைப் பழிவாங்குவதில்லை

மேலூர் அருகே மேலவளவு. 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல், வாக்குப்பெட்டிப் பறிப்பு எல்லாம் தாண்டி, போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பியவரை ஆதிக்க சாதியினர் வழிமறித்து வெட்டினார்கள். துணைத் தலைவர் மூக்கன் உட்பட உடன் வந்தவர்களில் சிலரும் மாண்டார்கள். முருகேசனின் தலையை அறுத்துக் கிணற்றில் போட்டார்கள்.

கூட்டுக்கொலைக்கு முன் எதிராளியை மனிதரல்லாதவராக்கிவிடுவார்கள் என்கிறது உளவியல். 1994இல் ருவாண்டா வானொலி டுட்சிகளைக் கரப்பான்பூச்சி என்றதே, அதுபோல. ஆனால் முருகேசன் மனிதர் என்பது கொன்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். பூச்சியை யாரும் பழிவாங்குவதில்லை. அதன் தலையை அறுத்து ஊருக்குப் பாடம் புகட்டுவதுமில்லை. கைகட்டி நிற்க வேண்டியவர் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்துவிட்டார் என்பதுதான் பொறுக்கவில்லை. டீக்கடையின் தனிக் குவளையும், நரைத்த மனிதரைப் பொடியன் ‘வாடா’ என்று கூப்பிடுவதும் தலைமுறை தலைமுறையாக மனசைப் பழக்கிவைத்திருந்தன. அரிவாள் கடைசியில்தான் வந்தது.

இந்தக் கொலைகளுக்காக 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுவித்தது. அது பெரிய அநீதி. இனியொரு கொலை நடந்து தீர்ப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் ஊராட்சித் தலைவர் பட்டியல் சாதிக்காரர் என்றால், கூட்டத்தில் அவர் தலைவருக்குரிய நாற்காலியில் உட்காருகிறாரா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள்.