இரவல் வீரர்கள்: கால்பந்து ‘லோன்’ ஒப்பந்தத்தில் யாருக்கு லாபம்?

ஆகஸ்ட் 14, 2020. லிஸ்பன் நகரம். கொரோனா காலம் என்பதால் கேலரி முழுக்கக் காலி. சாம்பியன்ஸ் லீக் கால் இறுதியில் பார்சிலோனாவை பேயர்ன் மியூனிக் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்கோர் 5-2. அப்போது, 75-வது நிமிடத்தில், பேயர்ன் ஒரு மாற்று வீரரை இறக்கியது. பிலிப் கொடின்யோ. மிச்சமிருந்த நேரத்தில் அவர் ஒரு கோலுக்கு பாஸ் கொடுத்தார், இரண்டு கோல் அடித்தார். ஆட்டம் 8-2 என்று முடிந்தது.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? கொடின்யோ பார்சிலோனாவின் வீரர். 2018 ஜனவரியில் லிவர்பூலிடமிருந்து, தன் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத விலை கொடுத்து பார்சிலோனா வாங்கிய வீரர். சரியாக ஆடவில்லை, விற்கவும் முடியவில்லை என்றதும் 2019-ல் பேயர்னுக்கு ஒரு வருட லோனில் அனுப்பினார்கள். லோன் கட்டணம் 85 லட்சம் யூரோ, பிடித்திருந்தால் 12 கோடி யூரோ கொடுத்து நிரந்தரமாக வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அப்படி அனுப்பிய ஆள்தான் திரும்பி வந்து சொந்த வீட்டின் கூரையைப் பிரித்தார்.

அன்று இரவு மீம்ஸ் பறந்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஆட்டத்தை அந்த மனிதரின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். சில நாட்களில் பேயர்னுடன் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். பேயர்ன் அவரை வாங்கவில்லை. லோன் முடிந்தது. தான் கோல் போட்ட அதே அணியின் டிரெஸ்ஸிங் ரூமுக்கே திரும்பப் போக வேண்டியிருந்தது. காரணம், ஒப்பந்தம் அங்கே இருந்தது.

கடனா, இரவலா?

‘லோன்’ என்பதைக் ‘கடன்’ என்று எழுதினால் எனக்கு எப்போதும் இடிக்கும். கடனாக 500 ரூபாய் வாங்கினால் வேறு 500 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டில் இட்லிப் பானையை வாங்கினால் அதே பானையைத்தான் திருப்பித் தர வேண்டும், ஓட்டை விழாமல். அதற்குத் தமிழில் இரவல் என்று தனிச் சொல்லே இருக்கிறது. கால்பந்து லோன் அந்த ரகம்.

வீரரின் மூல ஒப்பந்தம் தாய் கிளப்பிடம் அப்படியே இருக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு வேறு கிளப்பில் பதிவு செய்யப்பட்டு அவர்களுக்காக ஆடுவார். சம்பளத்தை முழுக்க அவர்கள் தரலாம், பாதி தரலாம், சில சமயம் தாய் கிளப்பே பெரும்பகுதியைக் கொடுக்கும். ஐடி-யில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்: ஆஃபர் லெட்டர் ஒரு கம்பெனி, தினமும் போய் உட்காருவது கிளையன்ட் ஆபீஸ்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. ஐஎஸ்எல் 2014-ல் தொடங்கியபோது ஐ-லீக் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஐ-லீக் கிளப்புகளின் வீரர்கள் சில மாதங்களுக்கு ஐஎஸ்எல் அணிகளுக்கு இரவல் போய் வந்தார்கள். பெங்களூரு எஃப்சி-யின் சுனில் சேத்ரி 2015-லும் 2016-லும் மும்பை சிட்டி ஜெர்சியில் ஆடியது அப்படித்தான்.

ராஜினாமா செய்ய முடியாத வேலை

லோன் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, முதலில் ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

நமக்கு வேலை பிடிக்கவில்லை என்றால் ஒரு மெயில், 60 அல்லது 90 நாள் நோட்டீஸ், கடைசி நாளில் ஒரு கேக். கால்பந்து வீரருக்கு அந்த வசதி கிடையாது. அவர் போடுவது காலவரையறை உள்ள ஒப்பந்தம். ஃபிஃபா விதிப்படி அதிகபட்சம் 5 வருடம், 18 வயதுக்குக் கீழ் என்றால் 3 வருடம். நாட்டுச் சட்டம் அனுமதித்தால் மட்டும் அதற்கு மேல் போகலாம். தகுந்த காரணம் இல்லாமல் நடுவில் முறித்தால் இழப்பீடு, தடை என்று வந்து நிற்கும். பிரான்ஸ் மிட்ஃபீல்டர் லசானா தியாராவுக்கு அதுதான் நடந்தது. 2014-ல் லோகோமோட்டிவ் மாஸ்கோவுடன் தகராறாகி ஒப்பந்தம் முறிந்தது. அவர் 1.05 கோடி யூரோ தர வேண்டும் என்று உத்தரவு. அவரை எடுக்கும் புதிய கிளப்பும் அந்தத் தொகைக்குப் பொறுப்பு என்பது அப்போதைய விதி. அதற்குப் பயந்து, எடுப்பதாக இருந்த பெல்ஜியத்தின் சார்லெரோய் கிளப் ஒதுங்கிக்கொண்டது. அந்த விதிகளில் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு எதிரானவை என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2024 அக்டோபர் 4-ல். பத்து வருடம் கழித்து!

1995-க்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் பணம் கேட்கலாம். ஜான்-மார்க் போஸ்மன் என்ற பெல்ஜிய வீரரை, ஒப்பந்தம் முடிந்த பிறகும் லியேஜ் கிளப் பிரான்ஸுக்குப் போகவிடாமல் தடுத்தது, சம்பளத்தையும் பெரிதாகக் குறைத்தது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 1995 டிசம்பர் 15-ல் வந்த தீர்ப்புதான், ஒப்பந்தம் முடிந்த வீரர் காசில்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்ற இன்றைய வழக்கத்துக்கு அடித்தளம்.

போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு கிளப்புகளின் கணக்கு மாறியது. ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வருடம் கரையும்போதும் வீரரின் விலையும் கரைகிறது. கடைசி ஆறு மாதத்தில் பொதுவாக அவர் வேறு கிளப்புடன் கையெழுத்தே போட்டுவிடலாம். அதனால் நீண்ட ஒப்பந்தம் போடு, விற்க முடியாவிட்டால் லோனில் அனுப்பி மதிப்பைக் காப்பாற்று என்பது நடைமுறையானது.

கணக்குப் புத்தகத்தின் விளையாட்டு

ஒரு கிளப் வீரரை 10 கோடி யூரோவுக்கு வாங்கி 5 வருட ஒப்பந்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் அந்த 10 கோடியும் முதல் வருடமே செலவாக ஏறாது, வருடத்துக்கு 2 கோடி என்று பிரியும். மூன்று வருடம் கழித்துப் புத்தக மதிப்பு 4 கோடி. அப்போது அவரை 3 கோடிக்கு விற்றால் 1 கோடி நஷ்டம் என்று எழுத வேண்டும். லோனில் அனுப்பினால்? நஷ்டத்தை இன்றைக்கு எழுத வேண்டாம். சம்பளச் சுமையும் குறையும்.

இந்த வித்தையை செல்சீ நீட்டிப் பார்த்தது. 2023 ஜனவரியில் முத்ரிக், என்சோ ஃபெர்னாண்டஸ் இருவருக்கும் எட்டரை வருட ஒப்பந்தம். கணக்கில் 5 வருடத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று யூஃபா அந்தக் கோடையிலேயே கதவை மூடியது.

லோனோடு ஒட்டிவரும் ‘வாங்கும் ஷரத்து’ இன்னும் சுவாரஸ்யமானது. இரண்டு வகை. விருப்பம் என்றால் பிடித்தால் வாங்கலாம். கட்டாயம் என்றால் வாங்கியே ஆக வேண்டும். நிபந்தனையே இல்லாத கட்டாயம் என்றால், கணக்கில் முதல் நாளே விற்பனையாகத்தான் எழுத வேண்டும். அதனால் ஏதாவது ஒரு நிபந்தனையைச் செருகுவார்கள். 2017-ல் நெய்மருக்கு 22.2 கோடி யூரோ கொட்டிய அதே மாதத்தில், நிதி விதிகளில் மாட்டாமல் இருக்க, எம்பாப்பேவை மொனாக்கோவிடமிருந்து ‘லோனில்’ எடுத்தது பிஎஸ்ஜி. அடுத்த வருடம் 18 கோடி யூரோ. இடையில் இருந்த நிபந்தனை, பிஎஸ்ஜி கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் என்று அப்போது செய்திகள் வந்தன. பிஎஸ்ஜி இறங்குமா? சூரியன் மேற்கே உதித்தால் பார்க்கலாம்.

சரி, கட்டாயம் என்றால் கட்டாயம்தானே? அதுவும் இல்லை. 2024-ல் ஜேடன் சான்சோவை மான்செஸ்டர் யுனைடெட்டிடமிருந்து செல்சீ லோனில் எடுத்தது. லீக்கில் 14-வது இடமோ அதற்கு மேலோ வந்தால் வாங்கியே ஆக வேண்டும் என்பது ஷரத்து. செல்சீ 4-வது இடம். 2025 மே மாதம் கான்ஃபரன்ஸ் லீக் இறுதியில் சான்சோ கோலும் அடித்தார், கோப்பையும் வந்தது. ஆனால் சம்பளப் பேச்சு படியவில்லை. 50 லட்சம் பவுண்ட் அபராதம் கட்டி செல்சீ அவரைத் திருப்பி அனுப்பியது. அடுத்த சீசன் ஆஸ்டன் வில்லாவுக்கு, மறுபடியும் லோன்.

ஆடு, ஆனால் 30 நிமிடம் மட்டும்

எனக்கு இதில் மிகவும் உறுத்தும் கதை அன்டோயின் க்ரீஸ்மனுடையது. 2021-ல் பார்சிலோனாவிலிருந்து பழைய கிளப்பான அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு லோனில் திரும்பினார். பாதி ஆட்டங்களில் 45 நிமிடமாவது ஆடினால் அத்லெட்டிகோ 4 கோடி யூரோ கொடுத்து வாங்க வேண்டும் என்று ஷரத்து இருந்ததாகச் செய்திகள் சொன்னன. 2022-23 சீசன் தொடங்கியது. ஆட்டத்துக்கு ஆட்டம் 60 நிமிடம் தாண்டிய பிறகுதான் அவரை இறக்கினார்கள். வலென்சியாவுக்கு எதிராக அப்படி இறங்கி வெற்றி கோல் அடித்தார். போர்ட்டோவுக்கு எதிராக 101-வது நிமிடத்தில் வெற்றி கோல் அடித்தார். மறுவாரமும் பெஞ்ச்தான். அக்டோபரில் பார்சிலோனா இறங்கிவந்து ஏறத்தாழ 2 கோடி யூரோவுக்குப் பேச்சை முடித்தது. அதன் பிறகு அவர் சாதாரணமாக முதல் நிமிடத்திலிருந்தே ஆடினார்.

இங்கே கவனிக்க வேண்டியது, ‘எத்தனை நிமிடம் ஆடுவார்’ என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது கிளப்புகளின் பணத்துக்காக எழுதப்பட்டது. அதனாலேயே அவர் ஆடவில்லை.

“கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குறாரு, பெஞ்ச்ல உட்கார்ந்தா என்ன?” என்று கேட்கலாம். க்ரீஸ்மனுக்கு அந்தக் கேள்வி சரி. ஆனால் லோனில் போகிறவர்களில் பெரும்பாலோர் க்ரீஸ்மன் இல்லை. 18, 19 வயதுப் பையன்கள்.

பிரேசிலிலிருந்து இளைஞராக செல்சீக்கு வந்த லூகாஸ் பியாசனை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-லிருந்து 2021 ஜனவரி வரை செல்சீ வீரர். செல்சீக்காக ஆடியது மொத்தம் 3 ஆட்டம். லோனில் போனது 7 கிளப், 6 நாடு: மலகா, விட்டெஸ், ஃப்ராங்ஃபர்ட், ரெடிங், ஃபுல்ஹாம், கியேவோ, ரியோ அவெ. குரோஷிய கோல்கீப்பர் மத்தேய் டெலாச் எட்டு வருடம் செல்சீயில் இருந்தார், ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2018-19 சீசனில் அந்தக் கிளப்பின் சுமார் 40 வீரர்கள் வெளியே இரவலில் இருந்தார்கள். ஒரு டீமே 11 பேர்தான் சார்!

லோனால் வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஹாரி கேன் நான்கு கிளப்புகளுக்கு லோனில் போனவர். உலகக்கோப்பை நாயகன் எமிலியானோ மார்ட்டினஸ் ஆர்சனலிலிருந்து ஆறு கிளப்புகளுக்குப் போனார். ஆனால் மார்ட்டினஸ் கதையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2010-ல் சேர்ந்தவருக்கு ஆர்சனலில் தொடர்ச்சியாக வாய்ப்பு கிடைத்தது 2020 ஜூனில். அதுவும் முதல் கோல்கீப்பர் லெனோவுக்குக் காயம் பட்டதால். லெனோ அன்று விழாமல் இருந்திருந்தால்?

விதி யாருக்காக?

ஃபிஃபா 2022 ஜூலையில் லோன் விதிகளை இறுக்கியது. ஒரு லோன் அதிகபட்சம் ஒரு வருடம். லோனில் போனவரை மூன்றாவது கிளப்புக்கு மறுபடி லோன் விடக் கூடாது. ஒரு கிளப் சர்வதேச அளவில் வெளியே அனுப்பக்கூடியது 8 பேர், அது படிப்படியாகக் குறைந்து 2024-25 முதல் 6 பேர். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது: 21 வயது வரையுள்ள, கிளப்பே வளர்த்தெடுத்த வீரர்கள் இந்த எண்ணிக்கையில் வர மாட்டார்கள்.

வளரும் பையன்களுக்கு வாய்ப்பு தடைபடக் கூடாது என்பது காரணம். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. பேரம் பேசும் சக்தி கொஞ்சமும் இல்லாதவர்கள் யாரோ, அவர்களைத்தான் கணக்கிலிருந்து வெளியே வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமையைத் தாய் கிளப்புகள் ஷரத்தில் எழுதி வாங்கிக்கொள்கின்றன. “நான் இங்கே ஆடவே இல்லை, திரும்பிப் போகிறேன்” என்று சொல்லும் உரிமையை எந்த விதியும் அந்தப் பையனுக்குத் தரவில்லை.

லோனுக்கு வீரரின் சம்மதம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் 2024 ஆகஸ்டில் ரஹீம் ஸ்டெர்லிங் போன்ற நட்சத்திரத்தையே செல்சீ முதன்மை அணியோடு சேர்க்காமல் தனியாகப் பயிற்சி செய்யவிட்டது. விண்டோ மூடும் நாளில் அவர் ஆர்சனலுக்கு லோனில் போனார். ஸ்டெர்லிங்குக்கே அந்த நிலை என்றால் 19 வயதுப் பையனின் சம்மதம் எப்படிப்பட்டது என்று யூகிக்கலாம்.

டெட்லைன் நாளில் எங்கள் டெஸ்க்கில் “லோனில் சென்றார்” என்று ஒரு வரி கார்டு போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நானும் நிறையப் போட்டிருக்கிறேன். கட்டணம் எவ்வளவு, வாங்கும் ஷரத்து எவ்வளவு என்று எழுதுவேன். எத்தனை ஆட்டம் ஆடவைப்பதாக ஒப்புக்கொண்டார்கள் என்று ஒருமுறைகூட எழுதியதில்லை.

வீரர் அதிகம் ஆடினால் லோன் கட்டணம் குறையும், பெஞ்சில் உட்கார்த்தினால் ஏறும் என்று சில கிளப்புகள் இப்போதே ஒப்பந்தம் போடுகின்றன. 21 வயதுக்குக் கீழ் உள்ள எல்லா லோனுக்கும் அதைக் கட்டாயமாக்கலாம். பாதி சீசனில் குறிப்பிட்ட நிமிடங்கள் ஆடாவிட்டால், திரும்புவதா இருப்பதா என்பதை வீரரே முடிவு செய்யலாம். மூன்றாவது லோனுக்குப் பிறகும் தாய் கிளப்பில் இடமில்லை என்றால், ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் வழி அவருக்கு இருக்கலாம். கிளப்புகள் கத்தும். 1995-லும் கத்தின.